காணத்தின் மேல் ஓடிய கார்கள்

கல்யாணத் தரகர்களும் வழி தவறியவர்களும் தவிர வேறு யாரும் ஏறாத மாடிப்படி அது. தென்காசி சுவாமி சன்னதித் தெருவில் பாத்திரக் கடைக்கு மேலே, 'குழல்வாய்மொழி, துப்பறிவாளர்' என்று பலகை மாட்டிய அறைக்குப் போகிற படி. காணும் பொங்கலுக்கு மறுநாள் காலையில் அதில் யாரோ இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி வருகிற சத்தம் கேட்டதும், கிச்சா மேஜை மேல் நீட்டியிருந்த காலை அவசரமாக இறக்கினான்.

கிச்சா அங்கே உதவித் துப்பறிவாளன். அப்படித்தான் அவன் சொல்லிக்கொள்வான். காபி வாங்கி வருவதும், சைக்கிள் மிதிப்பதும், வாயைக் கொடுத்து வம்பில் மாட்டுவதும்தான் அவன் உண்மையில் பார்க்கிற வேலை.

வந்தவர் டாக்ஸி டிரைவர் ஏசுதாசன். அச்சன்புதூர்க்காரர். ஒல்லியான ஆள், காக்கிச் சட்டை, கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது.

"அம்மா, நீங்கதான் காப்பாத்தணும். சாயங்காலம் என்னையும் வண்டியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டு போயிருவாவளாம்."

"வண்டி சரி. உம்மை எதுக்குவே? போலீசுக்கு ஓட்டத் தெரியாதோ?" என்றான் கிச்சா.

"கிச்சா, அண்ணாச்சிக்குத் தண்ணி கொடு. உன் வாய்க்குப் பூட்டுப் போடு" என்றாள் குழல்வாய்மொழி. நாற்பது வயசு, கண்ணாடி, பின்னலைச் சுருட்டிக் கொண்டை. துப்பறிய வருவதற்கு முன்னால் மெட்ராஸில் இருந்தவள். சோழவரம் கார் ரேஸில் இரண்டு வருஷம் ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் குறித்தவள். அந்தப் பெருமையைத் தினம் ஒரு தடவையாவது அவள் சொல்லாவிட்டால் கிச்சாவுக்குச் சாப்பாடு செரிக்காது.

ஏசுதாசன் சொன்ன கதை இது. கடையநல்லூர் ஷரீபுன்னிசாவின் புருஷன் துபாயில் மெக்கானிக். ஊருக்கு வந்ததும் சொந்தமாக டாக்ஸி ஓட்டலாம் என்று ஜப்பான் எஞ்சின் ஒன்றைக் கப்பலில் அனுப்பி வைத்திருந்தான். வீட்டில் இடம் இல்லாததால் ஆய்க்குடி ஆவுடைநாயகத்தின் ரைஸ் மில் ஷெட்டில் அதைப் போட்டு வைத்தார்கள். போகியன்று ராத்திரி எஞ்சின் காணாமல் போய்விட்டது.

நேற்று ஆய்க்குடி ரோட்டில் கார் பந்தயம். வருஷா வருஷம் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கிற அதே இரண்டு பர்லாங் நேர் ரோடு. ரோடு குறுகல் என்பதால் ஒவ்வொரு வண்டியாக ஓட விட்டு, ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்தார்கள். மற்ற அம்பாசடர்கள் எல்லாம் இருபத்தஞ்சு செகண்டுக்கு மேல் எடுத்துக்கொள்ள, ஏசுதாசனின் பழைய அம்பாசடர் இருபத்தொரு செகண்டில் வந்து நின்றது. பந்தயக் கமிட்டித் தலைவர் ஆவுடைநாயகம்தான். அவரும் தம்முடைய அம்பாசடரில் ஓடி, இருபத்து நாலு செகண்டில் இரண்டாவதாக வந்தார்.

"உடனே அந்த மனுஷன் மைக்கப் பிடிச்சு, 'இவன் வண்டியில அந்த ஜப்பான் எஞ்சின்தான் இருக்கு, இவந்தான் கள்ளன்'ன்னுட்டாரும்மா. ராத்திரி குத்தாலம் ஸ்டாண்டுல வச்சு அந்த ஷரீபுன்னிசா, 'இவன் வண்டியில எவனும் ஏறாதீய'ன்னு மண்ணை வாரித் தூத்திட்டுப் போயிட்டு. இனிமே எவன் ஏறுவான்? நாளைக்குச் சவாரி கேட்டு வந்தவனையும் மத்த டிரைவர்மாரு கூப்பிட்டுக் காதுல சொல்லுதானுவ. இருவது வருஷமா இந்த ஸ்டாண்டுல ஓட்டுதேன். பேரு போச்சுன்னா நான் வண்டியை வச்சு என்ன செய்ய?"

"பானட்டைத் திறந்து காட்ட வேண்டியதுதானே?"

"காட்டினேம்மா. இன்ஸ்பெக்டரு விடியக்காலமே வந்து பாத்தாரு. பழைய எஞ்சின்தான் இருக்கு. 'ராத்திரியோட ராத்திரியா மாத்திட்டான்'ங்காரு ஆவுடைநாயகம். இருவத்தொரு செகண்டுதான் சாட்சியாம்!"

கிச்சாவுக்கே பாவமாகப் போய்விட்டது. ஜெயித்ததற்காக ஜெயிலுக்குப் போகிற முதல் ஆள் இவராகத்தான் இருக்கும் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டான்.

"வாங்க, உங்க வண்டியிலயே போவோம்" என்று எழுந்தாள் குழல்வாய்மொழி.

கீழே நின்ற அம்பாசடரைப் பார்த்ததும் கிச்சா வாயைப் பிளந்தான். உள்ளே டிரைவர் உட்கார ஒரு பலகை இருந்தது. வேறொன்றும் இல்லை. சீட் இல்லை, ஸ்டெப்னி இல்லை, மேலே கேரியர் இல்லை, கதவுக் கண்ணாடிகூட இல்லை.

"பந்தயத்துக்காகக் கழட்டினது. இன்ஸ்பெக்டரு எதையும் மாத்தாதேன்னுட்டாரு. டேங்குல அரை லிட்டர் பெட்ரோல்தான் ஊத்தினேன் ஓடும்போது" என்றார் ஏசுதாசன் கூச்சத்தோடு.

"உம்ம சட்டையையும் கழட்டியிருந்தா இருபதுலயே வந்திருக்கலாமே!"

பாத்திரக் கடையிலிருந்து ஒரு பெஞ்சுப் பலகையும் இரண்டு மண்ணெண்ணெய் டின்னும் இரவல் வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டார்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் கிச்சாவின் தலை கூரையில் இடித்தது. குழல்வாய்மொழி அதைப் பற்றிக் கவலைப்படாமல் விரல் விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"கேளு கிச்சா. ஒரு காருக்கு எத்தனை குதிரை பலம்னு எஞ்சினைப் பார்க்காமலே சொல்லலாம். சோழவரத்துல..."

"ஆரம்பிச்சாச்சு."

"...அப்படித்தான் செய்வோம். ரெண்டு வழி இருக்கு. ரெண்டு பர்லாங்கை எத்தனை செகண்டுல ஓடுச்சுங்கறதும் வண்டியோட எடையும் தெரிஞ்சா ஒரு கணக்கு. முடிவுக் கோட்டைத் தாண்டும்போது என்ன வேகத்துல இருந்துச்சுன்னு தெரிஞ்சா இன்னொரு கணக்கு. நேரா ஓடின வண்டிக்கு ரெண்டுலயும் ஒரே விடை வரும். இந்த வண்டி இப்போ வெறும் கூடு மாதிரி இருக்கு. இந்த எடைக்கு இருபத்தொரு செகண்டுன்னா நாற்பத்தஞ்சு குதிரை. சாதா அம்பாசடர் எஞ்சின்தான். ஜப்பானும் இல்லை, ஜாவாவும் இல்லை."

ஏசுதாசன் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தியே விட்டார். "அப்ப நான் தப்பிச்சேனாம்மா?"

"இன்னும் இல்லை. பெருக்கல் வாய்ப்பாட்டை நம்பி இன்ஸ்பெக்டர் உங்களை விட மாட்டார். எஞ்சின் எங்கேன்னு சொன்னாத்தான் விடுவார். நேத்து யார் யார் எப்படி ஓட்டினாங்கன்னு சொல்லுங்க."

"ஆவுடைநாயகம் ஓட்டினதுதான் வேடிக்கை" என்று கிச்சா முந்திக்கொண்டான். அவனும் நேற்றுக் கூட்டத்தில் நின்று விசிலடித்தவன்தான். "கொடியை அசைச்சதும் கிளட்சை விட்டாரு பாருங்க, டயர் நின்ன இடத்துலயே சுத்துது, புகையா வருது, வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி ஆஃப் ஆயிட்டு! ஊரே சிரிச்சுது. மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் போறதுக்குள்ள ஸ்டாப்வாட்ச்காரன் ஒரு வெத்தலை போட்டு முடிச்சிட்டான்."

குழல்வாய்மொழி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கிச்சாவுக்கு அது தெரியும். அவள் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கெட்ட நேரம்.

பந்தயம் நடந்த இடத்தில் முடிவுக் கோட்டுக்கு முன்னால், ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரைக்கும் ரோட்டை அடைத்துக் காய்ந்த காணக் கொடி பரப்பிக் கிடந்தது. கொள்ளுதான், இந்தப் பக்கத்தில் காணம் என்பார்கள். தை மாசம் அறுத்த கொடியை ரோட்டில் போட்டுவிட்டால், போகிற பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். நடுவில் குனிந்து கொடியைப் புரட்டிக்கொண்டிருந்தவள் பேராச்சி.

"பந்தயத்தன்னிக்குமா இது இங்கன கிடந்துது?" என்று கேட்டாள் குழல்வாய்மொழி.

"பின்ன? அள்ளிப் போடுதேன்னுதான் சொன்னேன். மொதலாளி விடலை. 'இத்தனை காரு சும்மா ஏறப் போவுது, எடுக்காதே'ன்னுட்டாவ. அவிய வயக்காட்டுக் காணம்லா."

"எந்த முதலாளி?"

"ஆவுடைநாயகந்தான்."

கிச்சாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கமிட்டித் தலைவர், பந்தயத்தில் ஓடின கார்களை வைத்துத் தம் காணத்தை இலவசமாக அடித்துக்கொண்டிருக்கிறார்!

"ஒவ்வொரு வண்டியும் இது மேல ஏறும்போது சத்தம் எப்படி இருந்துச்சு?"

"என்ன அப்படிக் கேக்கிய? சரசரசரன்னு கேட்டுது. நெத்து வெடிக்கிற சத்தம் காது கிழிஞ்சுட்டு. அந்தக் கடையநல்லூர்ப் புள்ள வேற, துபாய் ரேடியோப் பெட்டியை எங் காணத்துக்குப் பக்கத்துலயே வச்சுக்கிட்டு நவுர மாட்டேன்னுட்டா. புருஷன் கேக்கணும்னு பந்தயச் சத்தத்தை அதுல பிடிச்சாளாம்."

குழல்வாய்மொழி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காரை நோக்கி ஓடினாள். நாற்பது வயசில் அப்படி ஓடுகிறவளைக் கிச்சா அன்றைக்குத்தான் பார்த்தான்.

கடையநல்லூரில் ஷரீபுன்னிசா கதவைப் பாதிதான் திறந்தாள். வாசலில் நின்ற காரைப் பார்த்ததும் அந்தப் பாதியையும் சாத்தப் போனாள்.

"அந்தக் கள்ளன் வண்டியிலயா வந்தீய? எம் மச்சான் வெயில்ல கிடந்து வெந்து சம்பாதிச்ச எஞ்சினுங்க அது! இந்த ரம்ஜானுக்கு வந்தா இனிப் போவ மாட்டேன், டாக்ஸி ஓட்டிக்கிட்டு உங்ககூடவே இருந்துருதேன்னு சொல்லியிருந்தாவ. எஞ்சின் போயிட்டுன்னு இன்னும் அவியளுக்குச் சொல்லலை. எப்படிச் சொல்லுவேன்?" என்று அழுதாள்.

"உங்களுக்கு எஞ்சின் வேணுமா, ஏசுதாசனை உள்ளே தள்ளணுமா?" என்றாள் குழல்வாய்மொழி.

ஷரீபுன்னிசா மூக்கைத் துடைத்தாள். "எஞ்சின்தான் வேணும்."

"அப்போ நேத்துப் பிடிச்ச கேசட்டைப் போடுங்க. பெட்டியில தீர்ந்துபோன பழைய பேட்டரியைப் போட்டுப் பாடவிடுங்க."

"பழைய பேட்டரியா? இழுத்து இழுத்துல்லா பாடும்!"

"இழுக்கட்டும். எவ்வளவு மெதுவாக் கேட்குதோ அவ்வளவு நல்லது, எண்ணச் சுலபம். கிச்சா, பஜனை மடத்துல ஜால்ரா தட்டுவியே, இப்போ தட்டு. ஒரே சீரா, வேகமாத் தட்டு. சரசரன்னு சத்தம் ஆரம்பிச்சதுலேர்ந்து நிக்கிற வரைக்கும் எத்தனை தட்டுன்னு எண்ணு."

"இவ்வளவு நாளா உங்களுக்கு அடிச்ச ஜால்ரா பத்தாதாக்கும்" என்று முனகிக்கொண்டே கிச்சா ஸ்பூனை எடுத்து டம்ளரில் தட்டினான்.

கேசட்டில் எஞ்சின் சத்தம் எருமை கத்துவது போல இழுத்துக்கொண்டு வந்தது. பிறகு சரசரசர. 'ஏசுதாசன், இருபத்தொண்ணு!' என்று மைக் கத்தியது. ஏழு தட்டு. திரும்பவும் போட்டார்கள். ஏழு. அடுத்தடுத்த வண்டிகள் ஏழரையும் எட்டுமாக வந்தன. 'நம் கமிட்டித் தலைவர் அவர்கள், இருபத்து நாலு!' என்று மைக் குழைந்த இடத்துக்கு முன்னால் சரசர சத்தம் வந்தது. கிச்சா தட்டினான்.

ஆறு.

அவன் நம்பாமல் மறுபடி தட்டினான். மறுபடியும் ஆறுதான்.

"தோத்தவர்ல்லா இவரு? அந்த இடத்துல இவருதான எல்லாரையும் விட வேகமா போயிருக்காரு!"

"அதேதான்" என்றாள் குழல்வாய்மொழி. அவள் குரலில் சந்தோஷம் பொங்கியது. "எல்லாரும் யார் முதல்ல வந்தான்னுதான் பார்த்தாங்க. ஆரம்பத்துல வண்டி ஆஃப் ஆனா நேரம் போகும், பலம் எங்கேயும் போகாது. கடைசி வேகம் பலத்தைக் காட்டிக் கொடுத்துரும். ஏழுக்கு ஆறு. அதை மூணு தடவை பெருக்கினா ஒண்ணரை மடங்குக்கு மேல. சீட்டும் கேரியருமா, அவரோட தொந்தியும் சேர்ந்து எடையில கால் மடங்கு கூடுதல். மொத்தத்துல ஏசுதாசன் எஞ்சினைப் போல ரெண்டு மடங்கு."

ஷரீபுன்னிசா பெட்டியை நிறுத்தினாள். "யா அல்லா! மில்லு ஷெட்டுக்கு நான் போட்ட பூட்டுச் சாவியையும் அவரு கையிலதான் கொடுத்தேன். நேத்து ராத்திரி நான் அந்த மனுஷனைப் போயி..." என்று வாசலில் நின்ற ஏசுதாசனைப் பார்த்தாள்.

குற்றாலத்தில் கார் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாற்போல ஆவுடைநாயகத்தின் பங்களா. சீசன் இல்லாத மாசம்; அருவியில் நூல் பிடித்த மாதிரிதான் தண்ணீர் விழுந்தது. வேலையில்லாத டிரைவர்கள் எல்லாம் கேட்டுக்கு வெளியே கூடி நின்றார்கள். உள்ளே வராந்தாவில் இன்ஸ்பெக்டர் காந்திமதிநாதன் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். போர்ட்டிகோவில் ஆவுடைநாயகத்தின் அம்பாசடர் பளபளவென்று நின்றது. பானட்டைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

"மேடம், அண்ணாச்சி பெரிய மனுஷர்" என்று, குழல்வாய்மொழி சொன்ன கணக்கைக் கேட்டுவிட்டு இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில் சொன்னார். "புகார் கொடுத்தவரோட வண்டியை, ஜால்ரா தட்டினோம்னு சொல்லி நான் திறக்கச் சொல்ல முடியுமா? என் தொப்பி போயிரும்."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் ஒரு கணக்குச் சொல்லிட்டுப் போயிடறேன்."

ஆவுடைநாயகம் ஊஞ்சலில் சாய்ந்திருந்தார். ஆள் நல்ல கனம், மல் ஜிப்பா, விரலெல்லாம் மோதிரம். "என்னம்மா, கள்ளனுக்கு வக்காலத்தா?"

"இல்லீங்க. நேத்து ஓட்டத்தை வச்சு யார் வண்டிக்கு எத்தனை குதிரைன்னு கணக்குப் போட்டேன். ஏசுதாசன் வண்டிக்கு நாற்பத்தஞ்சு வந்தது."

"ம்."

"உங்க வண்டிக்கு, உங்க எடைக்கும் இருபத்து நாலு செகண்டுக்கும் போட்டா..." அவள் வருத்தமாகத் தலையை ஆட்டினாள். "முப்பத்தொன்பதுதான் வருது. ஏசுதாசனோட பழைய வண்டியை விடச் சொத்தை உங்களுது."

கேட்டுக்கு வெளியே ஒரு டிரைவர் களுக்கென்று சிரித்தான். கிச்சா அந்தச் சிரிப்பை அப்படியே வாரி எடுத்துக்கொண்டான்.

"முப்பத்தொன்பதுல முக்கால்வாசிக் குதிரை நொண்டியாம், அக்கா சொல்லலை, நான் சொல்லுதேன். அண்ணாச்சி, பேசாம இதை ரைஸ் மில்லுல மாவரைக்க விட்டிருங்க. ரோட்டுல ஓட்டாதீய. பின்னால வர்ற மாட்டு வண்டிக்காரன் ஹாரன் அடிப்பான்!"

கேட் பக்கம் சிரிப்பு வெடித்தது. ஆவுடைநாயகத்தின் முகம் செங்கல் நிறத்துக்கு வந்தது. ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிட எழுந்தார்.

"எவன்லே அவன் சிரிக்கிறது? முப்பத்தொம்பதா? எம் வண்டிக்கா? கிளட்சு பிடிபடாம ஒரு தடவை ஆஃப் ஆயிட்டு, அதுக்கு இத்தனை பேச்சா? தொண்ணூறு குதிரைலே! முழுசாத் தொண்ணூறு! இந்த ஜில்லாவுல எவன்ட்ட இருக்கு சொல்லு பாப்போம்!"

சிரிப்பு நின்றது. இன்ஸ்பெக்டர் பாதி கடித்த முறுக்கைத் தட்டில் வைத்தார்.

"அம்பாசடர்ல ஏது அண்ணாச்சி தொண்ணூறு? கம்பெனிக்காரன் அம்பதுதானே கொடுக்கான்?" என்றார்.

ஆவுடைநாயகம் காருக்கும் இன்ஸ்பெக்டருக்கும் நடுவில் வந்து நின்றார்.

"கடைசி வேகத்தை வச்சுப் போட்டதுல எனக்கு எண்பத்தொன்பதுதான் வந்தது. ஒண்ணு குறைஞ்சு போச்சு, திருத்தினதுக்கு நன்றி" என்றாள் குழல்வாய்மொழி.

அதற்கப்புறம் இன்ஸ்பெக்டருக்குத் தொப்பி பற்றிய பயம் இல்லை. சங்கிலியை அறுத்தார்கள். பானட்டைத் தூக்கியதும் உள்ளே ஜப்பான் எழுத்தோடு எஞ்சின் உட்கார்ந்திருந்தது. 'பம்பாயில வாங்கினேன்' என்று ஆவுடைநாயகம் தொடங்கினார். பின்னாலேயே பஸ் பிடித்து வந்திருந்த ஷரீபுன்னிசா எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள்.

"இந்தா பாருங்க சார், பச்சை பெயிண்டு! எம் மச்சான் பேரோட முதல் எழுத்தை அரபியில போட்டு அனுப்பியிருக்காவ. எம் பொருளை எங்கிட்டயே பறிச்சுக்கிட்டு, ஊரான் மேல பழியைப் போட்டியேடே, நீ நல்லா இருப்பியா?"

புகார் கொடுத்தவரே ஜீப்பில் ஏறினார். அவருடைய கனத்துக்கு ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கிச்சா அதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தான். குழல்வாய்மொழி முறைத்த முறைப்பில் அடக்கிக்கொண்டான்.

இன்ஸ்பெக்டர் ஏசுதாசனைத் தோளில் தட்டி, "போவே, உன் மேல ஒண்ணும் இல்ல" என்றார். ஏசுதாசன் கும்பிட்டுவிட்டு ஸ்டாண்டில் நின்ற தம் காருக்கு நடந்தார். கூடி நின்ற டிரைவர்கள் விலகி வழிவிட்டார்கள். நேற்று ராத்திரி 'திருட்டு வண்டி' என்று கூவின அதே ஆட்கள்தான். ஒருத்தராவது முகம் கொடுத்துப் பேச வேண்டுமே! ஆளாளுக்குத் தரையையும் மலையையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தென்காசிக்குப் போக நின்ற இரண்டு பயணிகள்கூட அடுத்த வண்டிக்குப் போனார்கள். கிச்சா அவர்களை முறைத்துப் பார்த்தான். இனி இந்த மனுஷர், தாம் நிரபராதி என்று எத்தனை பேரிடம் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்?

அப்போது ஷரீபுன்னிசா ரோட்டைக் கடந்து விறுவிறுவென்று வந்தாள். யாரையும் பார்க்காமல் அந்தக் காரின் கதவைத் தானே திறந்து, பின்னால் கிடந்த பெஞ்சுப் பலகையில் ஏறி உட்கார்ந்தாள்.

"அண்ணே, கடையநல்லூர் போவணும்" என்றாள் ஸ்டாண்டுக்கே கேட்கிற மாதிரி. "வேகமாப் போயிராதீய. இங்கன ஒரு சுத்து சுத்திட்டு, தென்காசி ஸ்டாண்டுலயும் கொஞ்ச நேரம் நிறுத்திட்டுப் போங்க. நான் இதுக்குள்ள உக்காந்திருக்கதை எல்லாரும் பாக்கட்டும்."

ஏசுதாசன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கியர் விழவில்லை. திரும்பப் போட்டுப் பார்த்தார், அப்போதும் விழவில்லை. தோள் குலுங்கியது.

"அழுவாதீய அண்ணே" என்றாள் ஷரீபுன்னிசா, தன் கண்ணையும் துடைத்துக்கொண்டே. "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."